ஹேண்டிகேப் பாய்மரப் போட்டியில் டை ஆனால் புள்ளி போடுவது எப்படி?

எல்லாரும் ஒரே வகைப் படகு ஓட்டும் ரேஸில் டை என்பது அபூர்வம். சென்னையின் நேத்ரா குமணனும் வேலூரின் விஷ்ணு சரவணனும் ஒலிம்பிக்கில் ஓட்டிய ஐஎல்சிஏ படகுகள் அப்படிப்பட்டவை. ஒரே அச்சுப் படகு, ஒரே அளவுப் பாய், யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ அவருக்கு முதலிடம், கணக்கு முடிந்தது. ஆனால் பிரிட்டனில் ஏதோ ஒரு ஏரிக்கரை கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குப் போய்ப் பாருங்கள், வேகமான இரண்டு பேர் படகிலிருந்து மரத்தால் செய்த பழைய குடும்பப் படகு வரை பத்து வகை ஒரே வரிசையில் நிற்கும். அங்கே யார் முதலில் வந்தார் என்பது பதில் இல்லை, படகின் வேகத்துக்கு ஏற்ப நேரத்தைத் திருத்திய பிறகுதான் இடம் தெரியும். இதுதான் ஹேண்டிகேப் ரேஸ். அந்தத் திருத்தத்தில்தான் டை பிறக்கிறது.

அந்த ஊர் கிளப்புகளில் உறுப்பினர்கள் முறை வைத்து ரேஸ் நடத்துவது வழக்கம், ஆகவே புதிதாகச் சேர்ந்தவர் கையிலும் சீக்கிரமே ஒரு பென்சிலும் நேரத்தாளும் வந்துவிடும். அவருக்காகத்தான் இது. கணக்கு கஷ்டமில்லை. ஆனால் ஒரு முடிவை ரேஸுக்கு முன்னாலேயே எடுத்து எழுதி வைக்காவிட்டால், கோப்பை யாருக்கு என்பதையே அது புரட்டிப் போடும். அது எந்த முடிவு என்பதை ஒரு கணக்கோடு காட்டுகிறேன்.

எந்த விதி

பாய்மரப் போட்டிகளின் உலக அமைப்பான வேர்ல்ட் செயிலிங் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை விதிப்புத்தகம் வெளியிடும். இப்போது நடப்பது 2025–2028 பதிப்பு. அதில் பின்னிணைப்பு ஏ முழுக்கப் புள்ளி போடுவதைப் பற்றியது. உங்களுக்குத் தேவையானவை முக்கியமாக நான்கு: ஏ3 இடத்தை எப்படி முடிவு செய்வது, ஏ4 எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி, ஏ7 ஒரு ரேஸுக்குள் டை ஆனால் என்ன, ஏ8 தொடரின் மொத்தத்தில் டை ஆனால் என்ன. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும், குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது ஏ7-க்கும் ஏ8-க்கும் நடுவில்தான். ரேஸ் டையை உடைக்கக் கூடாது, பங்கு போட வேண்டும். தொடர் டையைப் பங்கு போடக் கூடாது, உடைக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். இதை மாற்றிச் செய்துவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ரிசல்ட் தப்பாகிவிடும்.

நேரம் எடுப்பது

ஒரு படகின் தொடக்க நேரம் என்பது அதற்கான ஸ்டார்ட் சிக்னல் கொடுத்த நேரம். அந்தப் படகு கோட்டை இருபது விநாடி தாமதமாகத் தாண்டியிருந்தாலும் அது அவர் பாடு. முடிவு நேரம் என்பது படகின் உடல்பகுதியில் ஏதாவது ஓரிடம் முடிவுக் கோட்டைத் தொட்ட நொடி. 2021-க்கு முன்னால் படகின் உபகரணமோ ஆளோ தொட்டாலும் கணக்கில் வரும், இப்போது உடல்பகுதி மட்டும்தான். பழைய ஆட்கள் சிலர் இன்னும் பழைய பழக்கத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள், கவனம்.

ஒருவர் கோட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது நல்லது. கூட்டமாக நாலைந்து படகு வரும்போது தலையைக் குனிந்து எழுதினால் அடுத்த படகு போயே போய்விடும். போனில் குரல் பதிவை ஓடவிட்டு, பாய் எண்ணையும் நேரத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே போனால் பிறகு சரிபார்க்கலாம். தாள் நனைந்து எழுத்து கரைந்த நாளில் அந்தப் பதிவுதான் காப்பாற்றும்.

ஒரு விஷயம். இரண்டு வெவ்வேறு வகைப் படகு ஒரே நொடியில் கோட்டைத் தாண்டினால் அது டை இல்லை. அவற்றின் ஹேண்டிகேப் எண் வேறு, திருத்தினால் நேரம் விலகிவிடும். மாறாக, இருபது நிமிட இடைவெளியில் வந்த இரண்டு படகு டை ஆகலாம். ஒரே வகைப் படகு இரண்டு ஒரே நொடியில் வந்தால்? ஒன்றின் மூக்கு முன்னால் இருந்ததை உங்கள் கண் பார்த்திருந்தாலும், எழுதிய நேரம் ஒன்று, எண் ஒன்று, ஆகவே திருத்திய நேரமும் ஒன்றுதான். ஹேண்டிகேப் ரேஸில் இடத்தைத் தீர்மானிப்பது திருத்திய நேரம் என்று ஏ3 சொல்வதால் அது டை. ஒருவருக்காக மனதில் ஒரு நொடி கூட்டி எழுத வேண்டாம், கடிகாரம் காட்டியதை எழுதுங்கள்.

நேரத்தைத் திருத்துவது

பிரிட்டன் கிளப்புகளில் சின்னப் படகுகளுக்குப் பரவலாக இருப்பது போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக். ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண், அந்த நாட்டின் பாய்மர அமைப்பான ஆர்ஒய்ஏ ஆண்டுதோறும் பட்டியல் போடும். எண் பெரிதாக இருந்தால் படகு மெதுவானது. ஓடிய நேரத்தை நொடியாக்கி, 1000-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம். ஐஆர்சி என்ற இன்னொரு ஹேண்டிகேப் முறையில் ஓடும் பெரிய படகுகளுக்கு மூன்று தசம இடம் கொண்ட ஒரு பெருக்கெண் இருக்கும், ஓடிய நேரத்தை அதனால் பெருக்கினால் போதும்.

வட அமெரிக்காவின் பிஎச்ஆர்எஃப் முறையில் கடல் மைலுக்கு இத்தனை நொடி என்று ரேட்டிங். அதைத் தூரத்தால் பெருக்கி ஓடிய நேரத்திலிருந்து கழிப்பது அங்கே ஒரு வழி. இதில் டை வருவது எளிது. ரேட்டிங் 120 உள்ள படகும் 150 உள்ள படகும் 6 மைல் ஓடினால் மெதுவான படகுக்குச் சலுகை சரியாக 180 நொடி, அதாவது மூன்று நிமிடம். அது மூன்று நிமிடம் பின்னால் வந்து சேர்ந்தால் டை. தசமமே எட்டிப் பார்க்காத கணக்கு, ஆகவே யாரும் கேள்வி கேட்க முடியாது.

யார்ட்ஸ்டிக்கிலும் ஐஆர்சியிலும் அப்படி இல்லை, வகுத்தாலும் பெருக்கினாலும் தசமம் வால் மாதிரி நீளும். இனி கணக்குக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்தப் பட்டியலிலும் தேட வேண்டாம்.

வெண்கொக்கு, எண் 1020, ஓடிய நேரம் 55 நிமிடம் 46 நொடி, அதாவது 3346 நொடி. திருத்தினால் 3280.39.
அலைமகள், எண் 1093, ஓடிய நேரம் 1 மணி 0 நிமிடம் 7 நொடி, 3607 நொடி. திருத்தினால் 3300.09.
மீன்கொத்தி, எண் 1147, ஓடிய நேரம் 1 மணி 3 நிமிடம் 5 நொடி, 3785 நொடி. திருத்தினால் 3299.91.
நத்தை, எண் 1385, ஓடிய நேரம் 1 மணி 16 நிமிடம் 24 நொடி, 4584 நொடி. திருத்தினால் 3309.75.

முதலிடம் வெண்கொக்குக்கு, நத்தைக்கு நான்காமிடம், இதில் சிக்கல் இல்லை. நடுவில் உள்ள இரண்டைப் பாருங்கள். தசமத்தை அப்படியே வைத்தால் மீன்கொத்தி 0.18 நொடியில் இரண்டாமிடம். அருகிலுள்ள முழு நொடிக்குக் கொண்டுவந்தால் இரண்டும் 3300, அதாவது 55 நிமிடம், டை. தசமத்தை வெட்டிப் போட்டால் அலைமகள் 3300, மீன்கொத்தி 3299, மறுபடி மீன்கொத்தி. ரேஸ் ஒன்றுதான், எழுதிய நேரமும் ஒன்றுதான், ஆனால் முடிவு மாறுகிறது.

அப்படியானால் எது சரி? முதலில் நீங்கள் பயன்படுத்தும் ஹேண்டிகேப் முறையின் விதியையும், கிளப் தன் போட்டிக்கென எழுதி வைக்கும் விதித்தாளான செயிலிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸையும் பாருங்கள். அதில் சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் சீசன் தொடங்கும் முன் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள்: திருத்திய நேரம் அருகிலுள்ள முழு நொடிக்கு மாற்றப்படும், அரை நொடி வந்தால் மேலே போகும். நான் முழு நொடியின் பக்கம்தான். காரணம் எளிது. முடிவுக் கோட்டருகே குளிரில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தவர் முழு நொடியில்தான் எழுதினார். மேலே உள்ள கணக்கில் அலைமகளின் நேரத்தை அவர் ஒரு நொடி முன்னால் எழுதியிருந்தால், 3606, திருத்தினால் 3299.18, இப்போது அலைமகள்தான் இரண்டாமிடம். ஒரு நொடி இப்படியோ அப்படியோ போகக்கூடிய அளவீட்டை வைத்துக்கொண்டு 0.18 நொடியில் ஒருவர் ஜெயித்தார் என்று அறிவிப்பது, நம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்வது. டை என்று சொல்வதே அங்கே நேர்மை.

இன்னொன்று, மெதுவான படகுகளுக்குச் சுற்றைக் குறைத்து முடிக்கும் ரேஸில் சராசரி சுற்றுக் கணக்கு வரும். மூன்று சுற்று ஓடியவரோடு இரண்டு சுற்று ஓடியவரை ஒப்பிட, இரண்டாமவரின் நேரத்தை 3-ஆல் பெருக்கி 2-ஆல் வகுப்போம். பெருக்கல் எல்லாவற்றையும் முதலில் முடித்து, வகுத்து, கடைசியில் ஒரே ஒரு முறை முழு நொடிக்கு மாற்றுங்கள். நடுவில் மாற்றினால் ஒரு நொடி எங்கிருந்தோ முளைக்கும்.

ரேஸ் டை: பங்கு போடுவது

முழு நொடி விதி இருப்பதாக வைத்துக்கொண்டால், அலைமகளும் மீன்கொத்தியும் இரண்டாமிடத்தில் டை. ஏ7 சொல்வது: டை ஆன இடத்தின் புள்ளியையும் அதற்கு அடுத்த இடத்தின் புள்ளியையும் கூட்டி, சமமாகப் பிரி. 2 கூட்டல் 3, ஐந்து, ஆளுக்கு 2.5. அடுத்த படகான நத்தைக்கு 4. மூன்று இல்லை! இரண்டாமிடமும் மூன்றாமிடமும் செலவாகிவிட்டன. இங்கே நத்தைக்கு 3 போட்டுவிட்டால் அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரின் புள்ளியும் ஒவ்வொன்று குறைந்துபோகும்.

மூன்று படகு இரண்டாமிடத்தில் டை ஆனால் 2, 3, 4 சேர்த்து ஒன்பது, ஆளுக்கு 3. எத்தனை பேர் டை ஆனாலும் விடை ஒன்று முழு எண்ணாக வரும், அல்லது அரையில் முடியும். 2.33 என்று ஏதாவது வந்தால் கூட்டலில் தப்பு நடந்திருக்கிறது, திரும்பப் பாருங்கள். 2.5-ஐ 3 ஆக்குவதும் கூடாது.

ரேஸ் பரிசு இருந்தால் டை ஆனவர்கள் பகிர்ந்துகொள்ளலாம், அல்லது இருவருக்கும் சமமான பரிசு கொடுக்கலாம், அதையும் ஏ7 சொல்லிவிடுகிறது. ஆகவே பழைய ரிசல்ட்டைத் தேடி யார் மூத்தவர், யார் படகு சின்னது என்றெல்லாம் பேச வேண்டியதில்லை.

ரேஸை முடிக்காத இருவருக்கு ஒரே புள்ளி கிடைக்கும், சாதாரணமாகத் தொடரில் பதிவு செய்த படகு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது. அது டை இல்லை, அதைப் பங்கு போடாதீர்கள். ஆறு படகு பதிவான தொடரில் இரண்டு பேர் முடிக்கவில்லை என்றால் இருவருக்கும் 7, அவ்வளவுதான்.

எக்ஸெலில் செய்பவர்களுக்கு: ரேங்க் டாட் ஏவிஜி என்ற ஃபங்ஷன் ஏ7 கேட்பதை அப்படியே செய்யும், இரண்டு பேர் இரண்டாமிடத்தில் இருந்தால் 2.5 கொடுக்கும். ரேங்க் டாட் ஈக்யூ இருவருக்கும் 2 கொடுக்கும், அது நமக்கு ஆகாது. அதைவிடப் பெரிய பொறி செல்லின் தோற்றத்தில் இருக்கிறது. நிமிடம், நொடி மட்டும் தெரியும்படி ஃபார்மேட் செய்தால் திரையில் இரண்டு படகுக்கும் 55:00 என்று தெரியும், உள்ளே தசமம் அப்படியே உட்கார்ந்திருக்கும், ரேங்க் அந்தத் தசமத்தைப் பார்த்து 2, 3 என்று பிரித்துவிடும். தாளைச் சுவரில் ஒட்டியதும் ஒருவர் வந்து கேட்பார், ரெண்டு பேருக்கும் ஒரே நேரம், எனக்கு மட்டும் ஏன் மூன்று என்று. அவர் கேட்பது நியாயம். ரவுண்ட் ஃபங்ஷன் போட்டு எண்ணையே மாற்றுங்கள், தோற்றத்தை மட்டும் மாற்றினால் போதாது. செயில்வேவ் போன்ற ரேஸ் மென்பொருளைப் பயன்படுத்தினாலும், தசமத்தை என்ன செய்கிறது என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது கிளப் எழுதி வைத்ததோடு ஒத்துப்போக வேண்டும்.

தொடர் டை: உடைப்பது

சரி, ஐந்து ரேஸ் முடிந்தது. ஒரு மோசமான புள்ளியைக் கழித்துவிடலாம் என்பது வழக்கமான ஏற்பாடு. ஆறு படகில் நமக்கு வேண்டிய நான்கு மட்டும்:

அலைமகள்: 2.5, 2, 1, 3, 5. ஐந்தைக் கழித்தால் மொத்தம் 8.5.
மீன்கொத்தி: 2.5, 1, 3, 2, 6. ஆறைக் கழித்தால் மொத்தம் 8.5.
வெண்கொக்கு: 1, 5, 5, 4, 3. ஒரு ஐந்தைக் கழித்தால் மொத்தம் 13.
நத்தை: 4, 3, 4, 5, 2. ஐந்தைக் கழித்தால் மொத்தம் 13.

வெண்கொக்குக்கு இரண்டு ஐந்து இருக்கிறது, எதைக் கழிப்பது? முதலில் நடந்த ரேஸின் ஐந்தை, அதாவது இரண்டாவது ரேஸ். மொத்தம் எப்படியும் ஒன்றுதான் என்று விட்டுவிடாதீர்கள், தாளில் எதை அடைப்புக்குள் போடுகிறோம் என்பது சரியாக இருக்கட்டும்.

முதலில் எளிதான ஜோடி, வெண்கொக்கும் நத்தையும். ஏ8.1 படி கழித்த புள்ளியை விட்டுவிட்டு, மீதியை நல்லதிலிருந்து மோசம் வரை அடுக்குங்கள். வெண்கொக்கு 1, 3, 4, 5. நத்தை 2, 3, 4, 4. முதல் எண்ணிலேயே வித்தியாசம், 1 வைத்திருப்பவர் மேலே. வெண்கொக்கு முன்னால். கடைசி எண்ணில் நத்தை நன்றாக இருப்பதெல்லாம் இங்கே செல்லாது, முதல் வித்தியாசத்தோடு கணக்கு நிற்கும்.

இப்போது கோப்பைக்கான ஜோடி. அலைமகள் 1, 2, 2.5, 3. மீன்கொத்தி 1, 2, 2.5, 3. ஒன்றுக்கொன்று அச்சு அசல். ஏ8.1 கையை விரித்துவிட்டது, ஏ8.2-க்குப் போக வேண்டும்: கடைசி ரேஸில் யார் புள்ளி நல்லது? அங்கேயும் சமம் என்றால் அதற்கு முந்தைய ரேஸ், இப்படியே பின்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும். இந்தப் படியில் கழித்த புள்ளியும் கணக்கில் வரும். ஐந்தாவது ரேஸில் அலைமகள் 5, மீன்கொத்தி 6. இரண்டுமே கழித்த புள்ளிகள். ஆனாலும் கோப்பை அலைமகளுக்கு.

இதனால்தான் தொடரில் நல்ல இடத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், கடைசி ரேஸ் எப்படியும் கழிந்துவிடும் என்று பாதியில் கரைக்குத் திரும்பாதீர்கள். அந்தக் கழிவுப் புள்ளிதான் மேலே ஒரு தொடரை முடிவு செய்தது.

இன்னும் ஒன்று கவனித்தீர்களா? முதல் ரேஸில் தசமத்தை அப்படியே வைத்திருந்தால் மீன்கொத்திக்கு 2, அலைமகளுக்கு 3. தொடர் மொத்தம் மீன்கொத்தி 8, அலைமகள் 9. டையே இல்லை, கோப்பை மீன்கொத்திக்கு. ஐந்து வாரம் ஓடிய தொடர், முதல் நாளின் 0.18 நொடியை என்ன செய்தோம் என்பதில் கை மாறுகிறது. கடைசி ரேஸ் முடிந்த பிறகு கமிட்டி உட்கார்ந்து முழு நொடியா, தசமமா என்று பேசினால், எந்தப் பக்கம் முடிவு எடுத்தாலும் ஒருவருக்குச் சாதகம் செய்ததாகத்தான் தெரியும். முதலிலேயே எழுதி வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் போல எல்லா ரேஸின் திருத்திய நேரத்தையும் கூட்டிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஏ8-இல் அப்படி எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் எத்தனை முறை ஜெயித்தார் என்ற கணக்கும் இல்லை. கிளப்புக்கு வேறு முறைதான் வேண்டும் என்றால் செயிலிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எந்த விதியை மாற்றுகிறோம் என்று எண்ணைக் குறிப்பிட்டு, மாற்றத்தையும் எழுத வேண்டும். சாதாரண கிளப் தொடருக்கு ஏ8 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

மூன்று படகு ஒரே மொத்தத்தில் நின்றாலும் வழி இதுதான். மூன்றையும் அடுக்கி வையுங்கள், ஒன்று பிரிந்து போனால் மீதி இரண்டின் பட்டியலைத் தொடர்ந்து ஒப்பிடுங்கள், பட்டியல் முழுக்க ஒன்றாக இருப்பவர்களை மட்டும் கடைசி ரேஸுக்குக் கொண்டுபோங்கள்.

யாராவது தகுதி இழந்தால்

புகார் விசாரணையில் ஒரு படகு தகுதி இழந்தால் அதற்குப் பின்னால் இருந்தவர்கள் ஒரு இடம் மேலே வருவார்கள். டை ஆன இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் 2.5-லேயே நிற்கக் கூடாது, அவர் இப்போது தனியாக இரண்டாமிடம், ஆகவே 2. தாளில் அங்கங்கே அடித்துத் திருத்துவதைவிட, அந்த ரேஸின் இடங்களை முதலிலிருந்து மறுபடி அடுக்கி, புள்ளி போட்டு, கழிவு பார்த்து, பிறகு தொடர் டை இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. வரிசை மாறினால் கழிவு மாறும், கழிவு மாறினால் டை போகலாம், புதிதாகவும் வரலாம்.

சுவரில் ஒட்டும்போது

விசாரணைகள் முடியும் வரை தாளின் மேல் தற்காலிகம் என்று எழுதி, ஒட்டிய நேரத்தையும் போடுங்கள். ஓடிய நேரம், ஹேண்டிகேப் எண், திருத்திய நேரம் மூன்றும் தனித்தனிப் பத்தியில் இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் போனை எடுத்துச் சரிபார்க்கலாம். கழித்த புள்ளி அடைப்புக்குள். தொடர் டை இருந்தால் அடியில் ஒரு வரி: அலைமகள், மீன்கொத்தி இரண்டும் 8.5, ஏ8.1-இல் சமம், ஏ8.2 படி ஐந்தாவது ரேஸில் அலைமகள் முன்னால். 8.5-ஐயும் 8.5-ஐயும் பார்த்துவிட்டு உங்களைத் தேடி வருபவர் பெரும்பாலும் அந்த வரியைப் படித்ததும் திரும்பிப் போவார். போகவில்லை, வந்து கேட்கிறார் என்றால் நேரத்தாளை எடுத்துக் காட்டுங்கள், உங்கள் கூட்டலில் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், அன்றைக்கே திருத்திவிடலாம்.